இருநூற்றுப் பதினான்காம் பக்கம்

சனிக்கிழமை மாலை நான்கு மணி ஆனதும் சின்னையா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சன்னலோர மேசையில் அமர்ந்துவிடுவார். மறுநாள் சபையில் வாசிக்க வேண்டிய பக்கங்களை முதலில் தமக்குத் தாமே ஒரு முறை வாசித்துப் பார்ப்பார். கையில் பென்சில் இருக்கும். மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் சிறு கோடு போடுவார். குரலை உயர்த்த வேண்டிய இடத்தில் புள்ளி வைப்பார். சபைக்கு வேண்டாம் என்று தோன்றும் வரிகளைச் சுற்றி மெல்லிய வளையம் வரைவார். கோலாலம்பூருக்கு வடக்கே, கம்போங் ராஜா என்ற மலையூருக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் தொழிற்சாலைக் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் எழுத்தராக, இருந்தவர். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் ஊரார் அவரைக் கிராணி என்றே அழைத்தார்கள். இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் சனிக்கிழமைப் பென்சிலும் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பும் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

ஞாயிறு பிற்பகல் கோயில் மண்டபத்தில் அறுபது எழுபது பேர் கூடுவார்கள். வாரம் முழுவதும் கொழுந்து வெட்டும் இயந்திரத்தைத் தூக்கித் தோள் கனத்தவர்கள், காய்கறித் தோட்டத்து லோரி ஓட்டிகள், லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் பெண்கள். இரண்டு ஆண்டுகளாகச் சின்னையா வாசித்து வந்தது ஒரே நூல். இலங்கையில் நடந்த உள்நாட்டுப் போரின் வரலாற்றைக் கதைபோல் எளிய நடையில் ஐந்து பாகங்களாக எழுதியிருந்தார்கள். சென்னையில் அச்சான அந்த நூலில், மலை முழுவதிலும் இருந்தது இந்த ஒரு பிரதிதான்.

வாசிப்புக்கு முன் ஒரு சிறு கதை சொல்வது அவர் வழக்கம். பெண் பிள்ளைகளை வெளியே விடாமல் பூட்டி வைக்கும் பெற்றோருக்காகச் சித்திரையில் ஒரு கதை சொன்னார்.

"காட்டுல ஒரு இருவாய்ச்சி. பொண்டாட்டிப் பறவைய மரப்பொந்துல உக்கார வச்சு, வாசல மண்ணால அடைச்சு, மூக்கு நுழையற அளவுக்கு ஒரு கீத்து மட்டும் விட்டு, அது வழியா பழம் ஊட்டுறது அந்தச் சாதிக்கு வழக்கம். இந்த ஆளுக்குப் பாம்புன்னா பயம் ஜாஸ்தி. கீத்தையும் சேத்து அடைச்சிட்டான். பாம்பு வரவே இல்ல. மழையில மண்ணு கரைஞ்சு விழுந்தப்ப, உள்ள சத்தமும் இல்ல."

"எங்க அப்பா எனக்கு ரெண்டு கீத்து விட்டாரு. ஒண்ணு தொழிற்சாலைக்குப் போக, ஒண்ணு வீட்டுக்கு வர," என்று பின்வரிசையிலிருந்து அவர் மகள் பூவிழி சொன்னாள். மண்டபம் சிரித்தது. முன்வரிசையில் இருந்த செல்லம் மட்டும் சிரிக்கவில்லை.

செல்லம் இந்த மலைக்காரி அல்லள். போரின் கடைசி மாதங்களில் வன்னியிலிருந்து உயிர் தப்பியவள். அகதி அட்டையோடு பக்கத்து ஊரான கோலா தெர்லாவில் ஒரு பூந்தோட்டத்தில் வேலை செய்தாள். ஆறு மாதங்களாக ஒவ்வொரு ஞாயிறும் காய்கறி லோரியில் ஏறி வந்து முதல் நாற்காலியில் உட்காருவாள். வாசிப்பு முடிந்ததும் ஒரு சொல்லும் பேசாமல் போய்விடுவாள்.

ஐப்பசி மாதத்து ஒரு சனிக்கிழமையில் சின்னையா மூன்றாம் பாகத்தின் இருநூற்றுப் பதினான்காம் பக்கத்துக்கு வந்தார். வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. போர் முடியும் தறுவாயில், உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் ஊர்ச் சனத்தை ஏற்றிக்கொண்டு களப்பு என்னும் கடற்கழிக்கு அப்பால் தப்ப முயன்ற ஓர் இளைஞனின் செய்தி அது. அவன் அக்கா சொல்லக் கேட்டு எழுதியதாக நூலாசிரியர் குறித்திருந்தார். அக்காவின் பெயர் இல்லை. எதிரிப் படை முன்னால் இருந்தது. குண்டு பின்னாலிருந்து வந்தது. சொந்தப் பக்கத்துக் குண்டு.

இதைச் சபையில் எப்படி வாசிப்பது? முன்பு ஒரு முறை, இரண்டாம் பாகத்தில் இதுபோல் ஒரு பத்தியை வாசித்தபோது பதினொரு பேர் எழுந்து போனார்கள். மண்டபம் மறுபடி நிறைய இரண்டு மாதங்கள் ஆயின. கோயில் தலைவர் திருச்செல்வம் அன்று அவரைத் தனியே அழைத்துச் சொன்னார்: "கிராணி, நம்ம ஆளுங்க அங்க செத்தவங்களுக்காக வருசா வருசம் விளக்கு ஏத்துறாங்க. அவங்க நெஞ்சு நிமிர்ற மாதிரி படிங்க. நம்ம வீட்டு அழுக்க நாமே மைக் போட்டுச் சொல்லணுமா லா?"

திருச்செல்வம் கெட்டவர் அல்லர். சின்னையாவின் மனமும் உண்மையில் அதையே விரும்பியது. நிறைந்த மண்டபம் ஒரு போதை. தம் குரல் உயரும்போது அறுபது முகங்கள் சேர்ந்து உயர்வதைக் காண்பதைவிட இனிப்பான வேறொன்றை அவர் முதுமை அவருக்குத் தரவில்லை.

வழக்கம்போல் வளையம் வரைந்து விட்டுவிட்டிருக்கலாம். ஆனால் சனிக்கிழமை தவிர வாரம் முழுவதும் நூல் மண்டபத்து மேசையில்தான் கிடக்கும், யாரும் புரட்டலாம். அவர் சமையலறைக்குப் போய்க் கொஞ்சம் மைதாவைக் கரைத்துக் காய்ச்சினார். இருநூற்றுப் பதினான்காம் பக்கமும் பதினைந்தாம் பக்கமும் எதிரெதிரே இருந்தன. இரண்டு தாள்களின் விளிம்பிலும் பசை தடவி, முகத்தோடு முகம் வைத்து ஒட்டி, மேலே அம்மிக்குழவியை ஏற்றி வைத்தார். காய்ந்ததும் விரலால் தடவிப் பார்த்தார். கொஞ்சம் தடித்த ஒரே தாள் போலத்தான் இருந்தது.

மறுநாள் செல்லம் புதுச் சேலை உடுத்தி வந்தாள். தனியாகவும் வரவில்லை. பூந்தோட்டக் குடியிருப்பில் அவளோடு வசிக்கும் அவள் நாட்டவர் ஏழெட்டுப் பேரை அழைத்து வந்து, தன்னைச் சுற்றி உட்கார வைத்திருந்தாள். சின்னையா கதை சொன்னார், வாசித்தார். இருநூற்றுப் பதின்மூன்றை முடித்து, மூச்சுக்கோடு எதுவும் இல்லாமலே பதினாறுக்குத் தாண்டினார். நல்ல ஓட்டம். யாரும் கவனிக்கவில்லை.

வாசிப்பு முடிந்ததும் செல்லம் எழுந்தாள்.

"ஐயா, இருநூற்றுப் பதினாலாம் பக்கம் வாசிக்கேல்லையே?"

சின்னையா நூலை மூடினார். "ஏம்மா, அதுல என்ன?"

"அதிலதான் என்ர தம்பியின்ர கதை கிடக்கு. எழுதினவரின்ர ஆள் போன்ல கேட்டு எழுதினவர். மூன்றாம் பாகம், இருநூற்றுப் பதினாலெண்டு பிறகு சொன்னவர். நான் அந்தப் பக்கம் வரட்டும் எண்டுதான் ஆறு மாதமா வாறன். எனக்கு வாசிக்கத் தெரியும் ஐயா. நாலு பேர் காதில விழவேணும், அதுக்குத்தான்." அவள் தன்னைச் சுற்றி இருந்தவர்களைப் பார்க்காமல் சொன்னாள்: "தம்பியைத் துரோகி எண்டு சொல்லுறவையும் இதில இருக்கினம்."

அந்த நிமிடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சின்னையா பின்னர் பலமுறை அந்த நிமிடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அது போதுமான அளவு நீளமாகவே இருந்தது. ஆனால் அப்போது அவர் கண் திருச்செல்வத்தின் மேல் விழுந்தது, பிறகு அறுபது முகங்களின் மேல்.

"அந்தத் தாள் அச்சுலயே ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்மா. பிரிச்சா கிழிஞ்சிடும்."

செல்லம் நூலை வாங்கிப் பார்த்தாள். ஒட்டிய தாளை விரலிடுக்கில் பிடித்து இரண்டு முறை தேய்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"சரி ஐயா. வாற திங்கள் நான் கோலாலம்பூர் போறன். அங்கயிருந்து வேற நாடு. குடியேறக் கூப்பிட்டிருக்கினம்," என்று மட்டும் சொல்லி வெளியேறினாள். அடுத்த ஞாயிறுக்கு மறுநாள்தான் அந்தத் திங்கள்.

செவ்வாய்க்கிழமை, தொழிற்சாலை வேலை முடிந்து வந்த பூவிழி அடுப்படியிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து வந்து தகப்பன் முன் வைத்தாள். அடியில் பசை காய்ந்து வெடித்திருந்தது.

"ப்பா, வீட்டுல யாரும் பட்டம் விடறதில்ல. எதுக்குப் பசை?"

சின்னையா செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோலா தெர்லாவுல என்னா பேசிக்கிறாங்க தெரியுமா? எங்க செக்சன்ல புவனேஸ் வீடு அந்தப் பக்கந்தான், அவதான் சொன்னா. அந்த அக்காவ அவங்க ஆளுங்களே கேக்கிறாங்களாம், புத்தகத்துல இருக்கு, புத்தகத்துல இருக்குன்னியே, கிராணி வாசிச்சப்ப அப்படி ஒண்ணும் வரலயே, ஒட்டின தாள்லதான் இருக்குன்னு சொல்றது பொய்யான்னு. முன்ன தம்பி மட்டுந்தான் துரோகி. இப்ப அக்கா பொய்க்காரி. ரெண்டாவதக் குடுத்தது நீங்கப்பா."

அவள் கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போனாள். சின்னையா செய்தித்தாளை மடித்து வைத்தார். தாம் ஒரு செய்தியை மறைத்ததாகத்தான் அதுவரை நினைத்திருந்தார். செய்தியை மறைக்கும்போது அதைச் சொன்னவளையும் சேர்த்து அழித்துவிடுகிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் பூவிழி ஓட்டிய காடியில் கோலா தெர்லாவுக்குப் போனார். பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் செல்லம் செவ்வந்திக் கட்டுகளுக்கு இரப்பர் வளையம் மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்: மைதா, அம்மிக்குழவி, பொய். எதையும் குறைக்கவில்லை. செல்லத்தின் கைகள் நிற்கவில்லை.

"எனக்குத் தெரியும் ஐயா. அச்சு மை மணக்கேல்ல, மா மணந்தது."

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"வயசான மனுசன். சபையில வச்சு எப்பிடிச் சொல்லுறது?" என்றாள். ஒரு கட்டை முடித்து வாளியில் நட்டாள். "சித்திரையில ஒரு கதை சொன்னனீங்கள், இருவாய்ச்சி. மற்றவையெல்லாம் சிரிச்சவை. நான் அந்தப் பொந்துக்குள்ளதான் பதினாறு வருசமா இருக்கிறன். வெளியில எங்கட ஆக்கள்தான் மண் பூசினவை. உங்கட புத்தகம் ஒண்டுதான் கீத்தா இருந்தது."

சின்னையா மண்டபத்திலிருந்து எடுத்து வந்திருந்த நூலை நீட்டினார். "இப்பவே பிரிச்சு வாசிக்கிறேம்மா."

"எனக்கு வாசிக்க வேண்டாம். நான் நேரில பாத்தனான்," என்றாள் செல்லம். "அவைக்கு வாசியுங்கோ."

சனிக்கிழமை நான்கு மணிக்கு அவர் மேசையில் அமரவில்லை, அடுப்படியில் நின்றார். பூவிழி கேத்தல் மூக்கிலிருந்து எழுந்த ஆவியில் தாளைக் காட்டிக்கொண்டிருந்தாள். விளிம்புகள் நெகிழ்ந்து பிரிந்தன. ஆனால் பசை ஓரிடத்தில் உள்ளே கசிந்திருந்தது. எவ்வளவு மெல்லப் பிரித்தும் அந்த இடத்தில் ஒரு வரி தோலுரிந்து எதிர்ப்பக்கத்தில் குப்புற ஒட்டிக்கொண்டு மசிந்துபோனது. பார்த்தால், அந்த இளைஞனின் பெயர் இருந்த வரி.

"பேரு என்னாப்பா? நீங்கதான் படிச்சீங்களே."

சின்னையா கண்ணை மூடி யோசித்தார். தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற நாளன்று இருந்த முந்நூற்றுச் சொச்சம் தொழிலாளர் பெயரையும் இன்றும் சொல்லக் கூடியவர். இந்தப் பெயர் வரவில்லை. ஒட்டுவதற்காகப் படித்த பெயர்.

ஞாயிறன்று மண்டபத்து வாசலில் திருச்செல்வம் நின்றார். செய்தி அவருக்கு எட்டியிருந்தது.

"கிராணி, அச்சுல ஒட்டினது எப்படிப் பிரிஞ்சிச்சு?"

"உள்ள வாங்க, சொல்றேன்."

"வேணாம் கிராணி. பத்துப் பேரு எந்திரிச்சுப் போவாங்க. அப்புறம் நான் நாற்காலி போட்டு யாரைக் கூப்பிடறது?"

"போறவங்க போகட்டும். நான் படிக்கிறேன்."

திருச்செல்வம் வழி விட்டார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே கைகட்டி நின்றார்.

முன்வரிசையில் செல்லமும் அவள் நாட்டவரும் இருந்தார்கள். சின்னையா மைக்கின் முன் நின்றார். பிள்ளைகள் கதைக்காகக் காத்திருந்தார்கள்.

"இன்னைக்குக் கதை இல்ல," என்றார். "போன வாரம் இந்த அம்மா ஒரு பக்கத்தக் கேட்டாங்க. அச்சுல ஒட்டியிருக்குன்னு சொன்னேன். அது பொய். நான்தான் ஒட்டினேன், மைதா மாவு காய்ச்சி. இந்த அம்மா சொன்னது புத்தகத்துல இருக்கு. இவங்க பொய் சொல்லல. பொய் சொன்னது நான்."

மண்டபத்தில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. அவர் நிமிர்ந்து எண்ணவில்லை. இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தை வாசித்தார். குரலை உயர்த்தப் புள்ளிகள் இல்லை, உயர்த்தவும் இல்லை. களப்பு வந்தது, உழவு இயந்திரம் வந்தது, பெட்டியில் இருந்த கிழவிகளும் கைக்குழந்தைகளும் வந்தார்கள், பின்னாலிருந்து குண்டு வந்தது. செல்லத்தின் அருகில் இருந்த ஓர் ஆண் தலை குனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிழிந்த வரிக்கு வந்ததும் சின்னையா நின்றார்.

"இங்க ஒரு வரி போச்சு. நான் ஒட்டினதால போச்சு. தம்பி பேரு இருந்த வரி." அவர் மைக்கை அதன் தாங்கியிலிருந்து கழற்றி, படியிறங்கி, முதல் நாற்காலியின் முன் நீட்டினார். "நீங்க சொல்லணும்மா."

செல்லம் எழுந்தாள். மைக்கை வாங்கவில்லை. திரும்பி நின்று, தன் நாட்டவரைப் பார்த்து, பள்ளியில் வருகைப் பதிவுக்குப் பெயர் சொல்வதுபோல் தெளிவாகச் சொன்னாள்.

"சசிதரன். வயசு இருபத்திரண்டு. முப்பத்தொரு சனத்தை ஏத்தினவன். இருபத்தாறு பேர் கரை சேர்ந்தினம். நான் அதில ஒராள்."

சின்னையா சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். நூலை நாற்காலியின் கைப்பிடியில் வைத்து, கிழிந்த இடத்துக்கு நேரே, ஓரத்து வெற்றிடத்தில் குனிந்தார்.

"மறுபடி சொல்லுங்கம்மா, மெதுவா," என்றார். "எழுதிக்கிறேன்."