ஐந்தாம் வார்த்தைக்கு ஒரு மாத்திரை

2025 ஏப்ரல் 18, பெரிய வெள்ளி. ஊரப்பாக்கத்தில் ஒரு தேவாலயத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கு, மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனை தொடங்கியது.

இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றி அன்று ஏழு பேர் பேசுவது வழக்கம். தாகத்தைச் சொல்லும் ஐந்தாம் வார்த்தை பல வருடங்களாக ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஏசுதாசனுடையது. போன வருடம் முதுகுவலியால் நாற்காலியில் உட்கார்ந்து பேசினார்.

"இந்தத் தடவையும் நிக்க முடியலைன்னா சொல்லிடுங்க சார், சுந்தர்சிங் அண்ணன் பேசட்டும்" என்று போதகர் முன்கூட்டியே தணிவாகத்தான் சொன்னார். ஏசுதாசனுக்கு உறைத்தது.

சுந்தர்சிங் ஏசுதாசனின் தெருக்காரர். ரயில்வேயில் வேலை பார்த்தவர். இருவருக்கும் முதுகில் ஒரே இடத்தில் டிஸ்க் பிதுங்கியிருந்தது. ஸ்கேன் படங்களைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒப்பிட்டபோது தன்னுடையதே பெரிது என்பதில் ஏசுதாசனுக்கு ஒரு திருப்திகூட இருந்தது. மருத்துவர்கள் வேறு, தசைப்பிடிப்புக்கு எழுதிய மாத்திரையும் வேறு. இவருக்கு தயோகால்சிகோசைட், அவருக்கு டிசானிடின்.

ஐந்து நாள் முன், குருத்தோலை ஞாயிறன்று சுந்தர்சிங் பவனி முழுக்க நடந்தார். எல்லாப் பாட்டையும் நின்றுகொண்டே பாடினார். ஏசுதாசன் பெஞ்சு விளிம்பைப் பிடித்தபடி அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைவிடச் சின்னப் பிதுக்கம். தன்னைவிட நல்ல மாத்திரை.

வெளியே வந்ததும் கேட்டார்: "எனக்கும் அதையே வாங்கிடட்டுமா சிங்கு?"

"ஒனக்கு ஆவாது வாத்தியாரே. நீ பிரஷர் மாத்திரை போடற. நானே ராத்திரி பாதிதான். ஒரு நா காலைல போட்டுட்டு, டிவி ரிமோட்டத் தேடி ஃப்ரிட்ஜத் தொறந்துகினு நின்னேன்."

ஏசுதாசன் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது.

"அவன் மட்டும் நிமிர்ந்து நிக்கணும். ஐந்தாம் வார்த்தை மேல கண்ணு" என்று முணுமுணுத்தார்.

மனைவி புஷ்பம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஒங்க டாக்டரும் பிரஷருக்கு அந்த மாத்திரை வேணாம்னுதானே சொன்னாரு. அந்த டாக்டரும் சபையில பேசப் போறாரா?"

வியாழக்கிழமை ஏசுதாசன் ஸ்டேஷன் பக்கத்து மருந்துக்கடைக்குப் போனார். சுந்தர்சிங் வழக்கமாக வாங்கும் கடை. "சிங்குக்குத்தான். முதுகு புடிச்சுக்கிச்சு, பாவம், எழுந்திருக்கவே முடியல" என்றார். அதைச் சொல்லும்போது மனதுக்கு இதமாக இருந்தது. கடைக்காரர் டிசானிடின் ஒரு அட்டை கொடுத்தார்.

மறுநாள் கோயிலுக்குக் கிளம்பும்போது, புஷ்பம் பார்க்காமல், ஒன்றை முழுசாகப் போட்டுக்கொண்டார். காலையில் பிரஷர் மாத்திரையும் போட்டிருந்தார்.

நான்காம் வார்த்தை முடிவதற்குள் வலி உண்மையிலேயே விட்டிருந்தது. பெயர் அழைக்கப்பட்டது. யாரும் கைகொடுக்காமல் எழுந்து, நிமிர்ந்து நடந்தார். போகிற வழியில் சுந்தர்சிங்கை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

மைக்கின் முன்னால் வாயைத் திறந்தபோது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காகிதத்தில் எழுத்துகள் மிதந்தன. முழங்கால்கள் மடிந்தன.

முதலில் ஓடிவந்து தாங்கியவர் சுந்தர்சிங்.

"வாத்தியாரே, எத்தினி போட்ட?"

"ஒண்ணு."

"முழுசாவா?"



தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் சலைன் ஏற்றி, மாலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று ஆராதனையில் ஐந்தாம் வார்த்தையைச் சுந்தர்சிங் குறிப்பு எதுவும் இல்லாமல், நின்றுகொண்டே பேசினார். 2026-லும் அது அவருக்கே கொடுக்கப்பட்டது.