ஊர்த்தெரு வால்வு

டேங்கில் தண்ணீர் இருப்பது ஊரில் பெரியம்மாள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டர் அவள். மழை வலுத்த அன்று கரண்ட் போவதற்கு முன்பே டேங்கை நிரப்பிவிட்டாள். அதன் பிறகுதான் தென்பெண்ணை கரையை உடைத்துக்கொண்டு வந்து, ஆற்றுக் கிணற்றையும் மோட்டாரையும் மணலால் மூடிவிட்டுப் போனது. மின்கம்பங்கள் கரும்புத் தோட்டத்தில் படுத்துக் கிடந்தன. கைப்பம்பை அடித்தால் சேறு வந்தது. திருக்கோவிலூரிலிருந்து தண்ணீர் லாரி அனுப்புவதாகப் போனில் சொன்னார்கள். லாரி வர ரோடு வேண்டுமே என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

டேங்குக்கு அடியில் இரண்டு வால்வுகள். ஒன்று ஊர்த்தெருவுக்கு, ஒன்று காலனிக்கு. விடிந்ததும் முதலில் ஊர்த்தெரு, அது முடிந்தபின் மிச்சம் காலனிக்கு. இப்படித்தான் திறக்க வேண்டும் என்று ஒருவரும் உத்தரவு போட்டதில்லை. முன்னால் இருந்த ஆபரேட்டர் இப்படித் திறந்தார், பெரியம்மாளும் வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படியே திறக்கிறாள். அவள் குடியிருப்பது காலனியில். முதல் தண்ணீரை ஊர்த்தெருவுக்கு விட்டுவிட்டு மிச்சத் தண்ணீருக்குத் தன் குடத்தை வைப்பது அவளுக்கே உறைத்ததில்லை. பழகிப்போனால் எதுதான் உறைக்கும்?

இப்போது உறைத்தது. கொழுந்தன் மனைவி ரங்கம்மாளின் கைக்குழந்தைக்கு வயிற்றால் போய்க்கொண்டே இருந்தது. கழுத்து நிற்காமல் துவண்டு கிடந்தது.

"நர்ஸம்மா உப்பு சக்கரைப் பொட்டலம் குடுத்துட்டுப் போச்சி யக்கா. கரைச்சிக் குடுத்துக்கினே இருக்கணுமாம். நல்ல தண்ணிக்கு எங்க போறது? சேத்துத் தண்ணியக் காய்ச்சலாம்னா காஞ்ச வெறகு ஒண்ணு கெடையாது" என்றாள் ரங்கம்மாள்.

பெரியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "டேங்குல இருக்குதுடி. விடிகாத்தால நம்ம பக்கம் மொதல்ல தொறக்கறேன். பாதி நமக்கு, பாதி அவுங்களுக்கு. நம்ம பொம்பளைங்க கிட்ட மட்டும் சொல்லு. ஊர்ல மூச்சு வுடாதீங்க."

சொல்லிவிட்டாளே தவிர, ஊர்த்தெருவுக்கு என்ன பதில் சொல்வது என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் ஊர்த்தெரு தெய்வசிகாமணி. தெரிந்தால் கூப்பிட்டுக் கேட்பார். என்ன சொல்வது? 'கொழந்தைக்கு ஒடம்பு முடியலைங்க' என்றால், எங்கள் வீட்டில் குழந்தை இல்லையா என்பார். 'பாதிதாங்க வுட்டேன்' என்றால், யாரைக் கேட்டு என்பார். விடிகாலையில் முழங்கால் சேற்றில் டேங்கை நோக்கி நடக்கும்போதும் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டேதான் போனாள். குனிந்து வால்வைத் திருகியபோதும் சொல்லிக்கொண்டிருந்தாள். குழாயில் தண்ணீர் இரைந்து ஓடியது. தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, அவர் மனைவி பாப்பாத்தியம்மாள் கேட்டால் என்ன சொல்வது என்று ஆரம்பித்தாள்.

குடங்கள் மோதும் சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தாள். சத்தம் ஊர்த்தெருவிலிருந்து வந்தது. வால்வைப் பார்த்தாள். கை தன் பாட்டுக்கு, தினமும் செய்யும் வேலையைச் செய்து வைத்திருந்தது.

அவசரமாக மூடிவிட்டு மற்றதைத் திறந்தாள். கொஞ்சம் முனகல், அப்புறம் வெறும் காற்று.

ஊர்த்தெருவுக்கு ஓடினாள். அங்கே வீட்டுக்கு வீடு வாசல் கழுவிக்கொண்டிருந்தார்கள். பாப்பாத்தியம்மாள் குழாயில் டியூபைச் செருகி, படியில் அப்பியிருந்த வண்டலைத் தள்ளிவிட்டிருந்தாள். நல்ல தண்ணீரெல்லாம் காவி நிறத்தில் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. வழக்கமான நேரத்துக்குக் குழாயில் தண்ணீர் வந்தால், கஷ்டம் தீர்ந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

"இன்னா பெரியம்மாளு, அதுக்குள்ள நிறுத்திட்ட? பாதி வாசல் அப்படியே கெடக்குது பார்."

"டேங்க் காலிங்கம்மா. இருந்ததே அவ்ளோதாங்க. மோட்டார எடுத்துப் போட்டாத்தான் இனிமே."

பாப்பாத்தியம்மாள் கையிலிருந்த டியூபைக் கீழே போட்டாள். "இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? குடிக்கப் புடிச்சி வெச்சிருப்போம் இல்ல?"

பெரியம்மாள் வழியெல்லாம் சேர்த்து வைத்த பதில்களில் இந்தக் கேள்விக்கு ஒன்றும் இல்லை. அழுகைதான் வந்தது. குழந்தைக்கு ஒரு சொம்பு வேண்டும் என்று கேட்டாள். பாப்பாத்தியம்மாள் ஒரே ஒரு குடம்தான் பிடித்திருந்தாள். உள்ளே போய், பெரியம்மாள் நினைத்ததைவிடப் பெரிய சொம்பாகவே கொண்டுவந்து கொடுத்தாள்.

காலனிக் குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன. பெண்கள் சொம்பைப் பார்த்தார்கள், அவள் முகத்தைப் பார்த்தார்கள். ரங்கம்மாள் பொட்டலத்தைக் கரைத்து, குழந்தையை மடியில் போட்டு, கரண்டியால் புகட்டிக்கொண்டே கேட்டாள்.

"தெய்வசிகாமணி வந்து நின்னுக்கினு இருந்தாரா யக்கா?"

"இல்லடி."

"வேற யாருனா மெரட்டுனாங்களா?"

"யாரும் வரல. யாரும் ஒண்ணும் கேக்கல. நானேதான் தொறந்தேன்."

ரங்கம்மாள் அடுத்த கரண்டியைக் குழந்தையின் வாயில் வைத்தாள். யாராவது வந்து மிரட்டியிருக்கக் கூடாதா என்றிருந்தது பெரியம்மாளுக்கு.