அசையாமல் நின்ற படம்

பாட்ரீசியாவைப் பெட்டியில் கிடத்தியாகிவிட்டது. நான்கு மணிக்குக் கோயிலில் அடக்கப் பூசை. தலைமாட்டில் வைக்க மகளின் படம் ஒன்று வேண்டுமென்று மரியசூசை காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டது யாரிடம்? ஊரறிந்த புகைப்படக்காரனான மருமகன் பிரான்க்ளினிடம்.

ஜாசின் ஊர்ச் சந்தையான பசார் சதுக்கத்தை எட்டு வருடமாகப் படமெடுத்தவன் அவன். கேமரா ஷட்டரை அதிக நேரம் திறந்துவைத்து, அசையும் கூட்டத்தைக் கரைத்த சாயமாக ஓடவிடுவான். மலாக்காவில் கண்காட்சி வைத்துப் பரிசும் கொடுத்தார்கள். அந்தச் சதுக்கத்தில்தான் பாட்ரீசியா கங்கோங் கீரை விற்றாள். நூற்றுக்கணக்கான படங்களில் அவளும் இருக்கிறாள், சிவப்புத் தீற்றலாக. முகம் மட்டும் மருந்துக்கும் கிடையாது.

வேறு யாராவது கைப்பேசியைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "எம்புருஷன் எடுப்பாரு லா, ஒங்களுக்கு எதுக்கு சிரமம்" என்பாள். அத்தனை பெருமை, பாவி மகளுக்கு. மிஞ்சியது இருபத்திரண்டு வருடப் பழைய கல்யாணப் படமும், பயந்து முழிக்கும் ஐசி அடையாள அட்டைப் படமும்தான். இரண்டும் வேண்டாம், சாகும்போது இருந்த முகம் வேண்டும் என்றுவிட்டார் மரியசூசை.

பிரான்க்ளின் கணினியைத் துழாவிக்கொண்டிருந்தான். வீண் வேலை என்று அவனுக்கே தெரியும். அப்படி ஒரு படம் இருக்கத்தான் செய்தது. போன மாதம் பவுடர் பூசி, தலைசீவி, கடை முன்னால் மூச்சைப் பிடித்து நின்றாள். "இன்னிக்கு ஒரு நாளாச்சும் என் மூஞ்சிய எடுங்க." அவன் வழக்கம்போல் ஷட்டரை மெதுவாக வைத்து, அசையச் சொன்னான். அவள் அசையவில்லை. சதுக்கமே கலங்கி ஓட, அவள் ஒருத்தி மட்டும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு தெளிவாக விழுந்திருந்தாள். கேமராவில் பார்த்துவிட்டு, "இதாங்க நான்" என்று பூரித்துப்போனாள்.

படம் கெட்டுப்போச்சு என்று சொல்லி, அவள் பார்க்கப் பார்க்க அதை அழித்தான். அவள் கீரைக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டாள். முந்தாநாள் அதே கீரைமேல் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அந்த மெமரி கார்டில் அதன்பிறகு ஆயிரம் படம் எடுத்தாயிற்று, இனி மீட்க வழியில்லை. பெரிய கலைஞன்! தன் கையைத் தானே வெட்டிப்போடலாம் போலிருந்தது அவனுக்கு.

மூன்று மணிக்கு, பரிசு வாங்கிய படத்தைச் சட்டத்தோடு கொண்டுவந்து தலைமாட்டில் சாய்த்தான். மரியசூசை மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுல எம்மக எங்க, மாப்பிள்ள?"

பிரான்க்ளின் விரலை நீட்டினான். படத்தில் சிவப்பாக இரண்டு தீற்றல்கள் இருந்தன. விரல் ஒன்றின்மேல் போய், மற்றதற்கு நகர்ந்து, திரும்பவும் முதலாவதற்கே வந்தது. அவனுக்கே தெரியவில்லை.