புதுசா வந்தவை நாப்பத்தி மூணு

எனக்கும் என் நாத்தனாருக்கும் எட்டு வருஷமா ஏழாம் பொருத்தம். நான் போட்ட டீயை நாலு பேர் முன்னாடி கழுநீர்னு சொன்னவ அவ. ஒரே கட்டடத்துல நாங்க ரெண்டாவது மாடி, அவ மூணாவது மாடி. படியில எதிரெதிரே வந்தா ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கிட்டுப் போவோம். சொல்ல வேண்டியதை எங்க வீட்டுக்காரர் வழியா சொல்லிக்குவோம். பாவம் அந்த மனுஷன், தங்கச்சிக்கும் பொண்டாட்டிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிச்சாரு.

அப்படிப்பட்டவளுக்காகத்தான் நான் வேலையைப் பணயம் வெச்சேன். உடனே என்னைத் தியாகி ஆக்கிடாதீங்க. எனக்குக் கோபம் வந்துச்சு, செஞ்சேன். அவ்வளவுதான்.

நான் நகரத்துக்கு நடுவுல இருக்கிற சதுப்பு நிலப் பூங்காவுல கேட் காவல். எங்க கட்டடத்துக்கு நேர் எதிர்ல ரோட்டைத் தாண்டினா வேலி. உள்ள நாணலும் தண்ணியும், அதைச் சுத்தி ஒரு மண் பாதை. தொற்று பரவினதும் பூங்காவை மூடச் சொல்லி உத்தரவு வந்துச்சு. பார்வையாளர் நோட்டை ஆபீஸ்ல வெச்சுப் பூட்டிட்டாங்க. என்னை மட்டும் தினமும் காலையில வரச் சொன்னாங்க. தண்ணி தேங்கிக் கொசு பெருகாம இருக்க மதகுப் பலகையை ஏத்தி இறக்கணும். அப்புறம் பறவைகளை எண்ணணும். கட்டைவிரலால அமுக்கினா நம்பர் ஏறுற குட்டி மெஷின் ஒண்ணு குடுத்திருக்காங்க. எத்தனை கொக்கு, எத்தனை நீர்க்காகம்னு பறவை நோட்டுல பென்சில்ல எழுதி, சனிக்கிழமை ஆபீஸுக்கு போன்ல படிச்சுக் காட்டணும். ஊரே மூச்சு முட்டிக் கெடக்கு, இவங்களுக்குக் கொக்குக் கணக்கு வேணும்.

அந்தத் தொற்று நாத்தனாரையும் விடல. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. திரும்பி வந்தப்ப ஆள் பாதியா இருந்தா. கட்டில்லேர்ந்து பாத்ரூம் பன்னெண்டு எட்டு, அதுக்குள்ள ரெண்டு தடவை சுவரைப் பிடிச்சு நின்னா. தொற்று போயிடுச்சு, இனிமே நுரையீரலுக்கு வேலை குடுக்கணும், வெட்டவெளியில தினம் கொஞ்சம் கொஞ்சமா நடக்கணும், ரூமுக்குள்ளயே கெடந்தா தேறமாட்டாங்கன்னு டாக்டர் கறாரா சொல்லிட்டாரு. எங்கே நடக்குறது? ஒரே ரூம்ல ஆறு பேர். மொட்டை மாடி முழுக்கத் தண்ணித் தொட்டி. ரோட்டுல காலை வெச்சா போலீஸ் விரட்டுது.

ஒரு நாள் காலையில நான் கேட்டைத் திறக்கப் போறேன், அவ வேலிக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. ரோட்டைத் தாண்டி வந்ததுக்கே நெஞ்சு ஏறி ஏறி இறங்குது. எட்டு வருஷம் கழிச்சு என் மூஞ்சியைப் பார்த்துப் பேசினா.

"அண்ணி, உள்ள விடுங்க."

அழுகை வரும்னு பார்த்தேன், வரல. பத்திக்கிட்டு வந்துச்சு எனக்கு. கூரைக்குக் கீழ இருக்கிற மார்க்கெட்டைத் திறந்து வெச்சு ஜனங்களைத் தோளோட தோள் இடிக்க விட்டுட்டு, இத்தனை பெரிய வெளியைப் பூட்டி வெச்சிருக்காங்களே, இவங்க புத்தியை எதால அடிக்கிறது? கேட்டை ஒரு ஆள் நுழையற அளவுக்குத் திறந்தேன். அன்னிக்கு அவ முப்பது எட்டு நடந்தா. மறுநாள் அம்பது.

மாடியில நின்னு பார்க்கிறவங்களுக்கு மூக்குல வேர்க்காதா? லிஃப்ட் மெக்கானிக் பொண்டாட்டி புள்ளைங்களோட வந்து நின்னாரு. டியூட்டி முடிச்சு வந்த நர்ஸ் பொண்ணு, பத்து நிமிஷம் தண்ணியைப் பார்த்துட்டுப் போறேன்க்கான்னு கேட்டுச்சு. யாரை விட்டு யாரை விரட்ட? அப்பதான் கூடு கட்டுற மாசத்து விதி ஞாபகம் வந்துச்சு. பறவைங்க முட்டை வெச்சிருக்கிறப்ப ஜனங்களை உள்ள விட எங்களுக்கு ஒரு முறை இருக்கு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு குடும்பம். எல்லாரும் இடப்பக்கமாத்தான் சுத்தணும். முன்னாடி போறவங்களுக்கு இருபது அடி தள்ளித்தான் போகணும், வாயைத் திறக்கக் கூடாது. பறவை பயந்து கூட்டை விட்டுட்டுப் போயிடக் கூடாதுன்னு போட்டது. அதையே மனுஷங்களுக்குப் போட்டேன். யாரும் யார் மூஞ்சியையும் பார்க்க முடியாது, முதுகைத்தான் பார்க்கலாம். நர்ஸ் ஒரு தெர்மாமீட்டர் குடுத்துச்சு. உடம்பு சுட்டாலோ இருமினாலோ, பெத்த தாயா இருந்தாலும் வீட்டுக்குப் போன்னு சொல்லிடுவேன்.

நாளைக்கே ஒருத்தருக்குக் காய்ச்சல்னா மத்தவங்களுக்குச் சொல்லி அனுப்பணுமே. யார் எப்ப வந்தாங்கன்னு எழுதி வெக்க என் கையில இருந்தது பறவை நோட்டு மட்டும்தான். அதுல கடைசிக் கட்டம் 'புதிதாக வந்தவை'. வருஷம் முழுக்கக் காலியாத்தான் கெடக்கும். தலையை எண்ணி அங்கே போட்டேன், பேரைப் பின்பக்கம் எழுதினேன். ரெண்டு சனிக்கிழமை போன்ல படிக்கிறப்ப ஜாக்கிரதையா அந்தக் கட்டத்தைத் தாண்டிட்டேன். மூணாவது சனிக்கிழமை என் புத்தி எங்கே மேயப் போச்சோ, பழக்க தோஷத்துல கடகடன்னு படிச்சுட்டேன். கொக்கு அறுபத்தி ரெண்டு, நீர்க்காகம் பதினெட்டு, புதுசா வந்தவை நாப்பத்தி மூணு. அந்தப் பக்கம் கிளார்க் ம்ம் ம்ம்னு எழுதிக்கிட்டான்.

திங்கட்கிழமை காலையில கண்காணிப்பாளர் ஜீப்ல வந்து இறங்கறாரு, கழுத்துல பைனாகுலர். பூங்காவை மூடின ரெண்டே மாசத்துல நாப்பத்தி மூணு புதுப் பறவைன்னா மனுஷனுக்குத் தலைகால் புரியல. மேலிடத்துக்கு போட்டோ அனுப்பணுமாம். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பைனாகுலரை நாணல் பக்கம் திருப்பிட்டாரு. நாணலுக்குப் பின்னாடியிருந்து என் நாத்தனார் வந்தா, நைட்டி மேல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு. அவளுக்கு இருபது அடி பின்னால மெக்கானிக் குடும்பம்.

அவர் மூஞ்சியில ஈயாடல. "என்ன இதெல்லாம்?"ன்னாரு.

"புதுசா வந்தவைதான் சார்."

அப்புறம் குதிச்சாரு பாருங்க. உத்தரவு என்ன, நீ செஞ்சிருக்கிறது என்ன, நாளைக்கு ஒரு உயிர் போனா யார் கழுத்துக்குக் கத்தின்னு கேட்டாரு. மூணு வாரமா இங்கே வந்தவங்கள்ல ஒருத்தருக்குக் கூடக் காய்ச்சல் இல்ல, மார்க்கெட்டுக்குப் போய் அதே மாதிரி ஒரு நோட்டைக் காட்டச் சொல்லுங்கன்னு நானும் விடல. கொஞ்ச நேரத்துல குரலை இறக்கிட்டாரு. கெட்ட மனுஷன் இல்ல, மேலே இருக்கிறவங்கன்னா நடுக்கம், அவ்வளவுதான். பென்சில்லதானே எழுதியிருக்கே, அழிச்சுட்டு வாத்து நாப்பத்தி மூணுன்னு போட்டுடு, கேட்டைப் பூட்டிடு, நான் எதையும் பார்க்கல, உன் வேலையும் இருக்கும்னாரு. ரப்பரைக் கூட எடுத்து நீட்டினாரு.

அவர் பாக்கெட்லேர்ந்தே பேனாவை உருவினேன். நாப்பத்தி மூணு மேல அழுத்தி எழுதி, கீழ கையெழுத்தும் போட்டேன்.

"மூச்சு விட வந்தவங்களை நான் வாத்துன்னு எழுத மாட்டேன் சார்."

சாவியை வாங்கிக்கிட்டாரு. நாளைக்குக் காலையில பூட்ஸையும் மெஷினையும் ஒப்படைச்சுட்டு வீட்டோட இருன்னுட்டாரு.

அன்னிக்கு எங்க வீட்டுக்காரர் தலையில கையை வெச்சு உட்கார்ந்துட்டாரு. நாத்தனார் இறங்கி வந்தா. நடந்ததைச் சொன்னேன். நான் நீட்டின டீயைக் குடிச்சா, மூஞ்சியைச் சுளிச்சா, எழுந்து போயிட்டா.

மறுநாள் நான் பூட்ஸும் மெஷினுமாப் போறேன். கண்காணிப்பாளரே கேட்டுக்குள்ள என் ஸ்டூல்ல உட்கார்ந்திருக்காரு. வேலிக்கு வெளியில, ரோட்டோரமா, என் நாத்தனார். என்னைப் பார்த்தா, இடப்பக்கமா நடக்க ஆரம்பிச்சா. இருபது அடி விட்டு மெக்கானிக் குடும்பம். அதுக்கப்புறம் தையல்காரர் வீடு. எங்க கட்டடத்து வாசல்லேர்ந்து ஒவ்வொரு குடும்பமா வந்துக்கிட்டே இருக்கு, எல்லார் மூக்கும் வாயும் மூடியிருக்கு, ஒரு சத்தம் இல்ல. முனையில நின்ன போலீஸ்காரர் தடியைத் தூக்கினாரு. கூட்டம்னு சொல்ல முடியல, கூச்சல்னு சொல்ல முடியல. இறக்கிட்டு ஒதுங்கி நின்னாரு.

என் கட்டைவிரல் தானா எண்ண ஆரம்பிச்சுடுச்சு. நாப்பத்தி ரெண்டு. நர்ஸ் பொண்ணு டியூட்டியில.

உள்பாதையையே நாத்தனார் முழுசா இன்னும் சுத்தினதில்ல. வெளிச்சுத்து அதுல ரெண்டு பங்கு. முனை திரும்பி மறைஞ்சவ வரவே இல்ல. கண்காணிப்பாளரும் எழுந்து கம்பிகிட்ட வந்துட்டாரு. அவங்களால முடியுமாம்மான்னு மெதுவா கேட்டாரு. உங்க பூட்டைக் கேளுங்க சார்னேன்.

ரொம்ப நேரம் கழிச்சு அந்த முனையில ஸ்வெட்டர் தெரிஞ்சுது. வேலியைப் பிடிக்கிறா, நிக்கிறா, நடக்கிறா. அவ நின்னா பின்னாடி அத்தனை பேரும் நிக்கிறாங்க, யாரும் முந்தல. கேட்டுக்கு நேரா வந்து நின்னு, மூச்சு அடங்குற வரைக்கும் காத்திருந்தா. அவரைத் திரும்பிக் கூடப் பார்க்கல.

"அண்ணி, கேட்டைத் திறங்க."

நான் சாவி இல்லாத கையை விரிச்சுக் காட்டினேன்.

அவர் அவளைப் பார்த்தாரு, வேலியோரமா நின்ன வரிசையைப் பார்த்தாரு. பாக்கெட்டுக்குள்ள கையை விட்டு ரொம்ப நேரம் துழாவினாரு. அப்புறம் பூட்டைத் திறந்தாரு. நாத்தனார் உள்ள போனா. சாவியை என் கையில வெச்சுட்டு நெத்தியைத் துடைச்சுக்கிட்டாரு.

"எந்தப் பக்கமா சுத்தணும்?"

"இடப்பக்கமா. மாஸ்க்கை மூக்குக்கு மேல ஏத்துங்க சார். இருபது அடி தள்ளிப் போங்க, பேசக் கூடாது."

தலையை ஆட்டிட்டு, பைனாகுலரைக் கழட்டி ஸ்டூல் மேல வெச்சுட்டு, வரிசையில கடைசியாப் போய் நின்னாரு. நான் மெஷினை இன்னொரு தடவை அமுக்கினேன். நாப்பத்தி மூணு.