மூன்று மாநிலத்து மருதம்மாள்

"ம்மா, நாங்க கெளம்பறோம்லா. நீங்க கொஞ்சம் அடுப்படிக்குள்ள போயிருங்க."

சத்தியசீலன் இதை மிகுந்த மரியாதையோடுதான் சொன்னான். நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது தாலி இழந்தவள் எதிரே வரக் கூடாது, அவள் பெற்ற தாயாகவே இருந்தாலும். அதற்காகக் கத்த வேண்டுமா என்ன? 'ங்க' போட்டே சொல்லலாமே.

மருதம்மாள் தேநீர்க் கோப்பையோடு உள்ளே போய், அடுப்புக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவே நின்றுகொண்டாள். கணவர் பக்கிரிசாமி இறந்த இந்த எட்டு மாதத்தில் அந்த இடம் அவளுக்கு நன்றாகப் பழகியிருந்தது. மூத்தவன் சத்தியசீலன் புது கார் எடுக்கப் போனபோது அங்கேதான் நின்றாள். இளையவன் புவனேசன் வேலைக்கு நேர்முகம் போனபோதும் அங்கேதான். அந்த வேலை கிடைக்கவில்லை. அவள் நின்றது போதவில்லையோ என்னவோ.

இன்றைய நல்ல காரியம், பக்கிரிசாமியின் சொத்து விசாரணை. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லாரி ஓட்டிய மனிதர், மலேசியாவில் லாரி நின்ற மாநிலத்திலெல்லாம் எதையாவது வாங்கிப் போட்டிருந்தார். கெடாவில், பாடாங் செராயில் இந்த வீடு. பினாங்கில், நிபோங் திபாலில் ஒரு அடுக்குமாடி வீடு. பேராக்கில், பாகான் செராயில் ஒன்றரை ஏக்கர் செம்பனை. உயில் மட்டும் எழுதவில்லை. "உயில் எழுதினா ஆயுசு கொறஞ்சிரும்" என்பார். எழுதாமலேயே குறைந்தது.

பிள்ளைகள் தங்களுக்குள் பாகம் பிரித்தாகிவிட்டது. கெடா வீடு மூத்தவனுக்கு, அடுக்குமாடி இளையவனுக்கு, செம்பனையை விற்று இருவருக்கும். தங்கை காஞ்சனாவுக்குத்தான் கல்யாணத்திலேயே செய்தாகிவிட்டதே! அம்மாவையும் விட்டுவிடவில்லை, அவளையும் பிரித்தார்கள். ஆறு மாதம் கெடாவில், ஆறு மாதம் பினாங்கில். குடியிருக்க வீடு இல்லாததால் பேராக் தப்பித்தது.

மருதம்மாள் கையுறைத் தொழிற்சாலையில் இருபது வருடம் கால் கடுக்க நின்று, அந்தச் சம்பளத்தில் வங்கிக்குத் தவணை கட்டிய வீடு இது. பத்திரத்தில் கணவர் பெயர் போதும் என்றார்கள், சரி என்றாள். இப்போது தன் வீட்டிலேயே அவள் ஆறு மாத விருந்தாளி.

கார் சத்தம் ஓய்ந்ததும் பின்வாசல் வழியாகக் காஞ்சனா வந்தாள். ஹைடெக் தொழிற்பூங்காவில் இரவு வேலை முடித்த சீருடையைக்கூட அவள் மாற்றவில்லை.

"கடுதாசி எங்கம்மா?"

அரிசி வாளிக்குள்ளிருந்து மருதம்மாள் அதை எடுத்துக் கொடுத்தாள். நில அலுவலகம் அவள் பெயருக்கே அனுப்பிய அழைப்பு.

"நான் வரத் தேவையில்லையாம்டி. ஒடம்பு சரியில்லன்னு சொல்லிக்கிறேன்னான் ஒங்கண்ணன்."

"ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப கார்ல ஏறுங்க."

அண்ணன் தம்பி இருவரும் கோயிலில் தேங்காய் உடைத்து, கடையில் ரொட்டி சானாய் தின்று, நல்ல நேரம் பார்த்துக் கூலிம் நில அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள். அங்கே முதலில் எதிர்ப்பட்ட முகம், முன்வரிசை நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவின் முகம். பக்கத்தில் காஞ்சனா.

விசாரணை அதிகாரி நூருல் ஐன் கோப்பைத் திறந்தார். இன்றைக்குக் கெடா வீடு மட்டும்தானே, மற்ற இரண்டுக்கும் அந்தந்த மாநிலத்தில் தனித்தனியாக அல்லவா என்று சத்தியசீலன் மலாயில் தொடங்கினான். எட்டு மாதமாக வீட்டில் எல்லாருக்கும் அவன் அப்படித்தான் விளக்கியிருந்தான். அதிகாரி சிரித்தார். மூன்று மாநிலச் சொத்துக்கும் இது ஒன்றேதான் விசாரணை. உயில் இல்லாததால் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, மீதி மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக. எல்லாரும் ஒத்துக்கொண்டால் வேறு மாதிரியும் பிரிக்கலாம்.

"உங்கள் பங்கைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்கிறீர்களா?" என்று மருதம்மாளைக் கேட்டார்.

இருபது வருடத் தொழிற்சாலை மலாய் மருதம்மாளுக்குக் கைகொடுத்தது. "டாக், புவான்" என்று தலையை ஆட்டி மறுத்தாள்.

"ம்மா, ஆளுங்க முன்னாடி ஏம்மா மானத்த வாங்கறீங்க?" என்று புவனேசன் கிசுகிசுத்தான்.

மருதம்மாள் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"வீட்ட எம்பேருல எழுதுங்க. மத்த ரெண்டையும் காஞ்சனாவையும் சேத்து மூணு பேரும் பிரிச்சிக்குங்க. இல்லன்னா மூணு எடத்துலயும் எம்பங்கு அப்படியே இருக்கட்டும். எத விக்கறதுன்னாலும் எங்கையெழுத்து வேணும்ல? கெடா, பினாங்கு, பேராக்னு எங்க போனாலும் நான் எதிர்ல வந்து நிப்பேன். பரவால்லியாய்யா?"

மூன்று மாநிலத்திலும் ஒரு விதவை எதிரே வருவதை நினைத்ததுமே சத்தியசீலனுக்குக் குளிர்சாதன அறையில் வியர்த்தது. வீட்டை அம்மா பெயருக்கு எழுதச் சம்மதித்துப் பேனாவை எடுத்தான். தம்பியும் எடுத்தான்.

கையெழுத்தெல்லாம் முடிந்து வெளியே வந்ததும், படியிறங்கிய மகன்களை மருதம்மாள் கூப்பிட்டாள்.

"மத்தியானம் சாப்பிட வாங்கய்யா, மீன் கொழம்பு வைக்கறேன். ஆனா நீங்க கெளம்பறப்ப நான் முன்வாசல்லதான் நின்னு வழியனுப்புவேன். சகுனம் பாக்கறவங்க அடுப்படி வழியா போய்க்குங்க."