கரைப்பானை மாற்றிய பிறகு

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அண்ணனின் உதட்டை நனைத்த பஞ்சில் மறுபடியும் ரத்தம் ஒட்டியிருந்தது. அண்ணி பார்த்துவிடாமல் அவள் அதைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

பூவிதழிலிருந்து மஞ்சள் சாயம் இறக்கும் சின்ன ஆலையில் அண்ணனும் அண்ணியும் ஒரே தொட்டியடியில் வேலை பார்த்தவர்கள். பெட்ரோல் நெடியடிக்கும் கரைப்பானில்தான் அங்கே காலங்காலமாக இதழை ஊறவைத்தார்கள். வேதியியல் படித்த அவள்தான் முதலாளியோடு மல்லுக்கட்டி, ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்தே சாயமெடுக்கலாம் என்று செய்து காட்டி, போன மாதம் மாற்றவைத்தாள். சாயம் கொஞ்சம் குறைந்தாலும் நெடி ஒழிந்தது.

"சயின்டிஸ்ட் மேடம், உன்னால என் மானம் போகுது. குடிச்சிட்டு வந்தேனான்னு உங்க அண்ணி தினமும் மோந்து பாக்குறா" என்று அண்ணன் சிரித்தான். அடுத்த வாரமே தொட்டியடியில் சுருண்டு விழுந்தான்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நான் மாற்றியதுதான் ஆளைத் தின்கிறதோ? யாரிடமும் கேட்க நா எழவில்லை.

மத்தியானம் அண்ணி அண்ணனின் தலையைக் கோதிக்கொண்டிருந்தபோதே அவன் மூச்சு நின்றது. அண்ணி கோதுவதை நிறுத்தவில்லை.

வெளியே வந்த டாக்டரின் பின்னால் ஓடினாள். "டாக்டர், சமீபத்துல ஆலையில கரைப்பானை மாத்தினோம். அதனாலயா?"

"இல்லம்மா. எலும்புக்குள்ள ரத்தம் ஊறுறதே நின்னு போயிருக்கு. பல வருஷமா உள்ள போன விஷம். பழைய கரைப்பானோட வேலையாத்தான் இருக்கணும்."

நெஞ்சிலிருந்து பாறாங்கல் நகர்ந்தது. அண்ணன் செத்துக் கிடக்கையில் தனக்கு நிம்மதியா என்று கூசிப்போனாள்.

அறைக்குத் திரும்பியபோது அண்ணி அவனுக்கு வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டு, முதல் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தாள்.

"சனியன், பிடிபடவே மாட்டேங்குது. நீ போடும்மா."

"கை நடுங்குதா அண்ணி?"

"நடுக்கமெல்லாம் இல்ல. விரல் மரத்துக் கெடக்கு. காலும் அப்படித்தான், செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியாது. ஒரு வருஷமாவே இப்படித்தான். இவர்கிட்ட சொல்லல. சொன்னா வேலைய விடச் சொல்லுவாரு."

ஒரு வருஷம் என்றால் பழைய கரைப்பான் இருந்த காலம். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தாள். பிறகு, ஆறுதலுக்குப் பிடிப்பவள்போல அண்ணியின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சுட்டுவிரல் நுனியில் நகத்தைப் பதித்தாள். இன்னும் அழுத்தினாள். சதை வெளுத்துக் குழிந்தது.

அண்ணி புருஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலர் கோணலா இருக்கு பாரு" என்றாள்.