அம்பு போட்ட புதிர்ப்பாதை

மாளிகையில் வேலை பார்க்கிறவர்கள் அத்தனை பேரும் தங்கள் மேலாளரை 'வெந்நீர்' என்றுதான் சொல்வார்கள், அவன் காதில் விழாத தூரத்தில். காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவன் மாதிரி ஓர் இடத்தில் நிற்கமாட்டான் என்பதுதான் காரணம். இருநூறு வருடத்து வீடு தன் பாட்டுக்கு நிம்மதியாக நின்றுகொண்டிருக்க, அதைப் பார்த்துக்கொள்கிற மனிதன் மட்டும் வாசலுக்கும் தோட்டத்துக்கும் ஓடிக்கொண்டே இருப்பான். அன்றைக்கு அவன் ஓடிய ஓட்டம் சொல்லி மாளாது. அக்கா வருகிறாள்.

நடக்க முடியாதவர்கள், கண் தெரியாதவர்கள் எல்லாரும் வந்து பார்க்கும்படி மாளிகையையும் தோட்டத்தையும் மாற்றும் வேலை அப்போதுதான் முடிந்திருந்தது. பக்கவாசலில் சாய்தளம், மாடிக்கு லிஃப்ட், சரளைக்கல்லை வாரி அகற்றிவிட்டுச் சக்கரம் புதையாத கெட்டித் தரை, தடவிப் பார்க்க மரத்தில் செய்த குட்டி மாளிகை. பார்வையாளர்களுக்குத் திறந்துவிடும் முன் அக்கா ஒரு தடவை வந்து பார்த்து 'சரி' என்று சொல்லிவிட வேண்டும் என்று, விடுமுறை நாளாகப் பார்த்துக் கூப்பிட்டிருந்தான். இத்தனையும் யாருக்காக என்று கேட்டால் பொதுமக்களுக்காக என்பான். சுத்தப் பொய். சின்ன வயதில் காய்ச்சலில் கால்கள் போன அக்காவைப் பள்ளிக்கூடம், கடைத்தெரு, கல்யாணவீடு என்று எல்லா இடத்துக்கும் தள்ளிக்கொண்டு போனவன் அவன். தான் வேலை பார்க்கிற இடத்துக்கு மட்டும் அவளைக் கூட்டிப்போக முடியவில்லை என்பது தொண்டையில் முள்ளாக இருந்தது.

வேன் வந்து நின்றது. பின்கதவு திறந்து பலகை இறங்க, அக்கா தானே ஒரு விசையைத் திருப்பிக்கொண்டு ஜம்மென்று இறங்கினாள். புது நாற்காலி, பேட்டரியில் ஓடுவது. முந்தின வாரம்தான் வந்தது. அவன் வழக்கம்போல ஓடிப்போய்ப் பின்பக்கம் நின்று கையை நீட்டினான். பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை.

"கைப்பிடி எங்கே?"

"கழட்டச் சொல்லிட்டேன்."

"ஏன்க்கா?"

"போறவங்க வர்றவங்க எல்லாம் அதைப் பிடிச்சுத் தள்றாங்க. ஒரு வார்த்தை கேக்கறது கிடையாது. காய்கறி வண்டியா நான்?"

அவன் கையைப் பையில் விட்டான், எடுத்தான், பின்னால் கட்டினான், மறுபடியும் பையில் விட்டான். இத்தனை வருடம் பிடித்துப் பழகிய கைகள் வேலையில்லாமல் தவித்தன. அக்கா அதைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி சாய்தளத்தில் ஏறினாள். அவள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். பேசாதவர்கள் பேசாததையும் சேர்த்துக் குறித்துக்கொள்கிற பார்வை அவளுக்கு.

உள்ளே போனதும் அவன் ஒரு சிறிய மணியை அவள் கழுத்தில் மாட்டப் போனான். நடுவில் சிவப்புப் பொத்தான் வைத்தது. எங்கே இருந்து அழுத்தினாலும் அலுவலகத்தில் கத்தும், ஆள் ஓடி வரும். இதற்காக அவன் எத்தனை பேரிடம் மன்றாடி அனுமதி வாங்கினான் என்பது தனிக் கதை. அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு மடியில் போட்டுக்கொண்டாள். அப்புறம் சுவர்களைப் பார்த்தாள். வரவேற்பறையில் சிவப்புப் பொத்தான். நூலகத்தில் சிவப்புப் பொத்தான். படம் மாட்டிய கூடத்தில் இந்த மூலைக்கு ஒன்று, அந்த மூலைக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் கீழே 'உதவிக்கு அழுத்தவும்'.

"ஏன்டா, இது மாளிகையா, ஆஸ்பத்திரி வார்டா?"

"ஒரு பாதுகாப்புக்குத்தான்க்கா."

"யாருக்கு?"

அவன் லிஃப்ட் கதவைத் திறக்க ஓடினான். "திறக்காதே," என்றாள். "என்னால திறக்க முடியுதான்னு பாக்கத்தானே கூப்பிட்டே?" திறக்க முடிந்தது. அவனுக்கு உள்ளுக்குள் கொண்டாட்டமாக இருந்தது, அடுத்த அறையில் தரைவிரிப்பின் ஓரம் சுருண்டிருப்பதைப் பார்க்கும் வரைக்கும். அதை நேராக்கக் குனிந்தான், நிமிர்ந்தான், ஜன்னலைத் திறந்தான், வெயில் அடிக்கும் என்று பாதி மூடினான்.

"கொஞ்சம் உக்காரேன்டா. நீ நடக்கறதைப் பாத்து எனக்குக் கால் வலிக்குது," என்றாள் அக்கா.

அவன் ஜன்னல் விளிம்பில் அரை மனதாக உட்கார்ந்தான்.

"நான் ஒரு வீடு பாத்திருக்கேன். கோர்ட்டுக்குப் பின்தெருவில. தரைத்தளம், படி இல்ல. சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்."

"யாருக்கு வீடு?"

"எனக்குத்தான்."

அம்மா போன பிறகு அக்கா அவன் வீட்டில்தான் இருக்கிறாள். அவளுக்காக அவன் கதவுகளை அகலப்படுத்தினான், குளியலறையை இடித்துக் கட்டினான். ராத்திரி அவள் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட இவன் விழித்துக்கொள்வான். 

"என் வீட்ல என்னக்கா குறை?"

"ஒரு குறையும் இல்ல. நீ இருக்கே, அதான்."

அவன் முகம் செத்துப்போனது. அக்காவுக்கே கொஞ்சம் அதிகம் என்று பட்டிருக்க வேண்டும். நாற்காலியைக் கிட்டே கொண்டுவந்தாள்.

"நான் இருமினா நீ கதவைத் தட்டறே. குளியலறையில பத்து நிமிஷம் ஆனா வெளிய நின்னு பேச்சுக் குடுக்கறே. பாசம்தான், எனக்குத் தெரியாதா? ஆனா மூச்சு முட்டுதுடா."

"தனியா எப்படி இருப்பே? விழுந்துட்டா? இவகிட்ட சொல்லிட்டியா?" இவள் என்பது அவன் மனைவி.

"அவதான் வீடே பாத்துக் குடுத்தா."

அவன் எழுந்து சுருளாத தரைவிரிப்பைக் காலால் நீவினான்.

"ஒண்ணு சொல்லிடறேன்," என்றாள் அக்கா. "நீ வேண்டாம்னா போகமாட்டேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு சரின்னு சொன்னாலும் போகமாட்டேன். போனா நீ இங்க தூங்காம உக்காந்திருப்பே, எனக்கு அங்க சோறு இறங்காது. மனசாரச் சொல்லு. இல்லன்னா விட்டுடலாம்."

"தோட்டத்தைப் பாத்துட்டுப் பேசலாம்," என்றான். சாயங்காலம் வரை தோட்டத்தைக் காட்டிக்கொண்டே இருந்தால் பேச்சு தானாக அடங்கிவிடும் என்று ஒரு கள்ளக் கணக்கு.

தோட்டத்தில் அவன் பெருமையெல்லாம் புதிர்ப்பாதையில்தான் இருந்தது. ஆளுயரத்துக்கு மேல் செடிவேலி வளர்த்து, உள்ளே சந்து சந்தாக வழி விட்டு, போகிறவர் திணறித் திணறி நடுவிலிருக்கும் கல்தொட்டியைக் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டைக் கட்டிய பிரபு, விருந்தாளிகளை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நின்று சிரிப்பாராம். சந்துகளை அகலப்படுத்தி நாற்காலி போகும்படி செய்திருந்தார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நாற்காலியில் வருகிறவர்கள் உள்ளே மாட்டிக்கொண்டு தவிக்கக் கூடாதே என்று ஒவ்வொரு திருப்பத்திலும் மரத்தில் அம்பு செய்து நட்டிருந்தார்கள். இப்படிப் போனால் கல்தொட்டி, அப்படிப் போனால் வெளிவாசல். நல்ல மஞ்சள் நிறம், தூரத்திலிருந்தே தெரியும். தீட்டியது தோட்டக்காரர், தன் கையால், இரண்டு பூச்சு. அன்றைக்குப் பாராட்டு வாங்கவென்றே சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார்.

அக்கா முதல் அம்பைப் பார்த்தாள். எட்டி இரண்டாவது அம்பைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள்.

"விடுகதையைப் போட்டுட்டுப் பக்கத்துலயே விடையை எழுதி வச்சிருக்கீங்களே!"

தோட்டக்காரரின் முகம் தொங்கிப்போனது. "நல்லாத் தெரியணும்னுதாம்மா மஞ்சள் அடிச்சேன்."

"பெயின்ட் பிரமாதம்ங்க. அதுல குத்தம் இல்ல," என்ற அக்கா தம்பியிடம் திரும்பியபோது சிரிப்பு போய்விட்டிருந்தது. "கால் இருக்கறவங்க உள்ள மாட்டிக்கிட்டா என்ன செய்வாங்க?"

"சுத்துவாங்க. சிரிப்பாங்க. ரொம்ப முடியலன்னா கூப்பிடுவாங்க."

"எனக்கு வாய் இல்லையா?"

அவன் தோட்டக்காரரைப் பார்த்தான், தோட்டக்காரர் வானத்தைப் பார்த்தார்.

"பிடுங்கிடுங்க," என்றாள் அக்கா. "நான் போகணும்."

மேலாளர் தலையசைக்க, தோட்டக்காரர் பிள்ளையைப் பறிகொடுத்தவர் மாதிரி ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கட்டாகக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். அக்கா தன் கைப்பையைத் தம்பி கையில் கொடுத்தாள். மடியிலிருந்த மணியை எடுத்து அதையும் அவன் உள்ளங்கையில் வைத்தாள். "செடி வெட்டற ஏணி மூலைக்கு மூலை நிக்குதே, அதுல ஏறி யாரும் எட்டிப் பாக்கக் கூடாது," என்று தோட்டக்காரரிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். முதல் திருப்பத்தில் நாற்காலியின் பின்பக்கம் மறைந்தது.

அவன் நின்றான். நிற்பது என்றால் அவன் பாணியில் நிற்பது. பெஞ்சில் உட்கார்ந்தான், எழுந்தான், செடிவேலியோடு காதை வைத்தான். கொஞ்ச நேரம் மோட்டார் சத்தம் கேட்டது. செடி உரசும் சத்தம் கேட்டது. அக்கா யாரையோ, எதையோ திட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

போன் செய்தான். கையிலிருந்த பைக்குள்ளேயே அவள் போன் அடித்தது.

"ஏணியில ஏறி ஒரே ஒரு தடவை பாத்துடுங்களேன்."

"அந்தம்மா வேண்டாம்னுட்டாங்க சார்."

"நான் மேலாளர் சொல்றேன்."

"நீங்க மேலாளர்தான் சார். ஆனா அவங்க உங்க அக்கா," என்றார் தோட்டக்காரர். 

பேட்டரி தீர்ந்திருக்குமோ? சக்கரம் வேரில் சிக்கியிருக்குமோ? சாய்ந்து விழுந்து, கூப்பிட முடியாமல் கிடக்கிறாளோ? ஒன்று தோன்றினால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று தோன்றியது.  மனசாரச் சொல்ல வேண்டுமாமே, மனது இந்தப் பாடு படும்போது எங்கிருந்து சொல்வது? பொறுத்தது போதும் என்று பையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினான்.

இடது, வலது, மறுபடி இடது. செடி முகத்தில் அடித்தது. முட்டுச்சந்து. திரும்பி ஓடினான், இன்னொரு முட்டுச்சந்து. இந்த வேலிகளின் வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவன் அவன்தான். ஆனால் அம்பு நட்ட பிறகு அம்பைப் பார்த்தே நடந்து பழகியவனுக்கு இப்போது ஒரு திருப்பம்கூட அடையாளம் தெரியவில்லை. எல்லாப் பக்கமும் ஒரே பச்சை. "அக்கா! அக்கா!" என்று கத்தினான். சந்தைக்குள் அம்மாவைத் தொலைத்த பிள்ளை மாதிரி இருந்தது குரல். அவனுக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"டேய்! எங்கடா இருக்கே?" அக்காவின் குரல், எங்கோ தூரத்திலிருந்து.

"உள்ளே! நீ எங்கே?"

"வெளியே! அப்பவே வந்துட்டேன். நீ அந்தப் பக்கமா ஓடினே, நான் இந்தப் பக்கமா வந்தேன்."

தோட்டக்காரர் சிரிப்பதும், அடக்குவதும், அடக்க முடியாமல் மறுபடி சிரிப்பதும் கேட்டது.

"ஆள் அனுப்பட்டுமா?" என்றாள் அக்கா. "இல்ல, அம்பு ஏதாவது நட்டு வைக்கச் சொல்லட்டுமா?"

அவன் உள்ளங்கையில் மணி வியர்த்துப்போய் இருந்தது. கட்டைவிரல் பொத்தானின் மேல்தான் இருந்தது. அழுத்தினால் போதும், அலுவலகத்தில் கத்துவது கேட்டுத் தோட்டக்காரர் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போய்விடுவார். அழுத்த மனம் வரவில்லை. அவர் முன்னால் போக, தான் பின்னால் அசடு வழிந்துகொண்டு வருவதை நினைத்தபோதே கூசியது. ஒரே ஒரு தடவைக்கே இப்படி என்றால், நாள் முழுக்க, வருடம் முழுக்க, ஆயுசு முழுக்க இந்தப் பொத்தானை அவள் கழுத்தில் மாட்டிவிட அல்லவா ஓடியிருக்கிறான். அவனுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"வேண்டாம்க்கா. நானே வர்றேன்."

"மெதுவா வா. நான் எங்கயும் போகல."

மெதுவாக வந்தான். மூன்று இடத்தில் முட்டினான், திரும்பினான். நடுவில் கல்தொட்டி தானாக எதிரில் வந்தது. ஈரத் தரையில் சக்கரத் தடம் ஒரு சுற்றுச் சுற்றி, தொட்டியோரம் நின்று, பிறகு போயிருந்தது. அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றான். யாரும் இல்லை, நன்றாகத்தான் இருந்தது.

அவன் வெளியே வந்தபோது தலையெல்லாம் இலை. அக்காவின் தலையிலும் இலை இருந்தது. அவள் எடுத்துப் போடவில்லை, அவனும் எடுக்கப் போகவில்லை. கை ஒரு தடவை உயர்ந்துவிட்டுக் கீழே இறங்கியது.

"நடுவுல இவ்வளவு நேரம் என்ன பண்ணினே?"

"சும்மா இருந்தேன். ஏதாவது வேணுமான்னு யாருமே கேக்கல," என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து அவன் பார்த்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

அவன் கைப்பையைத் திறந்து, போனை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"வீட்டுக்காரருக்குச் சொல்லிடு. சாமான் ஏத்த வண்டி நான் ஏற்பாடு பண்றேன்."

அக்கா போனை வாங்காமல் அவன் முகத்தையே பார்த்தாள். மூஞ்சி தூக்கியிருக்கிறதா என்று பார்த்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் மூஞ்சி தூக்கவில்லை. வாங்கிக்கொண்டாள்.

அவள் எண்ணைத் தேடும்போது அவனால் சும்மா இருக்க முடியவில்லை. "அக்கா, அந்த வீட்டு வாசல்ல மணி இருக்கா?"

"ஆரம்பிச்சுட்டியா!" என்று அவள் சீறினாள். "எனக்கு எதுக்குடா மணி?"

"உனக்கு இல்லக்கா. எனக்கு. நான் வந்தா அடிக்கணும்ல?"

அக்கா எண்ணைத் தேடுவதை விட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இருக்கு," என்றாள். "அடிச்சுட்டு வெளியவே நில்லு. நான் வந்து கதவைத் திறக்கக் கொஞ்ச நேரம் ஆகும்."